நாய் சொன்னது சரியென்றால் நான் திருடன்

என் மகளின் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே ‘காவல்துறை’ என்று அச்சடித்திருந்தார்கள். அது பொய்யில்லை. சம்பளம் அங்கேதான் வாங்கினேன். ஆனால் சம்பந்தி வீட்டார் என் மீசையைப் பார்த்து ஏதோ பெரிய அதிகாரி என்று எண்ணிக்கொண்டு, நான் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். பணிக்காலம் முழுக்க நான் பிடித்தது கரண்டி. அதுவும் மனிதர்களுக்காக இல்லை. போலீஸ் மோப்ப நாய்களுக்குச் சமைத்துப் போட்டவன் நான்.

இப்போது அந்தச் சமையல்கூடத்தையே மூடிவிட்டார்களாம். நாய்களுக்குக் காய்ந்த தீவனம் மூட்டையில் வருகிறது. அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் போன வாரம் போன் செய்தார்கள்.

“அண்ணாத்த, சங்க மலருக்கு பழைய ஆளுங்க யாருனா எழுதணுமாம். நீ ரூபி கதைய எழுதேன்.”

“டேய், அது என் மானம் போன கதைடா.”

“அதனாலதான கேக்கறோம்!”

எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் முருகன் பொறுத்துக்கொள்வான். நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் குழம்பு, சாம்பார் வைக்கிற சரக்கு மாஸ்டருக்குக் கையாளாக இருந்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து, போலீசில் சமையலர் வேலை என்று கார்டு வந்தது. போலீஸ்காரர்கள் சாப்பிடுகிற மெஸ் என்று நினைத்து, வீட்டில் சொல்லிப் புதிதாகச் சாம்பார்ப் பொடி அரைத்து எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த எஸ்.ஐ. அந்தப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, “வாசனை நல்லாத்தான் இருக்கு. சாப்பிடறவங்களை வந்து பாருங்க” என்று கூண்டுகளைக் காட்டினார்.

முதல் நாள் கைப்பழக்கத்தில் மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்துவிட்டேன். மூக்கை நம்பிப் பிழைக்கிற ஜீவன்கள் அன்று முழுக்கத் தும்மின. அந்த நேரம் ஒரு திருட்டு நடந்திருந்தால் திருடன் என்னைத்தான் தெய்வமாகக் கும்பிட்டிருப்பான். என் பயிற்சிக்காலம் அந்தத் தும்மலோடு முடிந்தது.

நாய்ச் சமையல் சுலபம் என்று நினைக்காதீர்கள். இறைச்சியை எலும்பு போக அரிந்து, அரிசியும் கேரட்டும் சேர்த்துக் குழைய வேகவைக்க வேண்டும். உப்பு கூடாது. மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை மட்டும். புறங்கையில் வைத்தால் சுடாத பதத்துக்கு ஆறியிருக்க வேண்டும். பிறகு, சமைத்தவனே முதல் கவளத்தை எஸ்.ஐ.யின் கண்ணெதிரே வாயில் போட்டு விழுங்க வேண்டும். எவனாவது விஷம் வைத்து நாயைக் கொன்றுவிடக் கூடாதே, அதற்காக. அதாவது, செத்தால் முதலில் சமையல்காரன் சாக வேண்டும் என்பது ஏற்பாடு. கிருத்திகையன்று நான் கவுச்சி வாயில் வைக்கமாட்டேன் என்று அழாத குறையாகச் சொன்னதால், அந்த ஒரு நாள் மட்டும் எஸ்.ஐ. தானே விழுங்கினார். நல்ல மனிதர். ‘கிருத்திகை மாசத்துக்கு ஒண்ணுதானே, நல்லாத் தெரியுமா?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

இன்னொரு சட்டமும் உண்டு. சமைப்பது நான். ஆனால் நாய்க்குச் சோறு வைக்கக் கூடாது. அதை நடத்துகிற போலீஸ்காரர் கையால் மட்டுமே அது சாப்பிட வேண்டும். ஆகவே அந்த நாய்களைப் பொறுத்தவரை நான் ஓர் ஆள் இல்லை, ஒரு வாசனை. சோறு வரப்போகிறது என்கிற வாசனை.

அவற்றில் ரூபி என்கிற டாபர்மேன்தான் என் மனதுக்கு ராணி. ஒல்லியாய், கறுப்பாய், கோயில் சிலையைப் போல நிற்பாள். அவளை நடத்தியவன் ஏகாம்பரம் என்கிற போலீஸ்காரன், திருக்கழுக்குன்றத்துப் பிள்ளை. கல்யாணமாகாதவன். “பொண்ணு பாக்கப் போனா நாய் வாசனை வருதுன்னு சொல்றாங்க அண்ணாத்த” என்பான். ரூபி பிடித்துக் கொடுத்த கேஸ்களைச் சொல்லச் சொன்னால் விடிய விடியச் சொல்லுவான்.

அப்படி இருந்தவள் திடீரென்று இரண்டு கேஸ்களில் தப்புச் செய்தாள். மேலிடத்தில் பேச்சு வந்துவிட்டது. இன்னொரு தடவை தவறினால், பணிக்கு லாயக்கில்லை என்று ரூபியைக் கழித்துவிடுவார்கள். யாராவது வந்து வீட்டுக் காவலுக்கு வாங்கிப்போய்ச் சங்கிலியில் கட்டிப்போடுவார்கள். ஏகாம்பரம் சோறு இறங்காமல் திரிந்தான். எனக்கு வேறு என்ன தெரியும்? கடவுளைப் பிடித்துக்கொண்டேன்.

என் வீடு மாமல்லபுரத்துக்கு வெளியே. தினமும் செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில் போய் வருவேன். இறங்குகிற இடத்துக்கு எதிரே, கடலைப் பார்த்தபடி மீனவர் குப்பத்து அம்மன் கோயில். நான் இறங்கும்போது பூசாரி நடையைச் சாத்திவிட்டுப் போயிருப்பார். ஆகவே நான் கதவில் தொங்குகிற பூட்டையே இரண்டு கையாலும் பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, ‘தாயே, ரூபியைக் காப்பாத்து’ என்று வேண்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். “மனுசங்களுக்கு வேண்டிக்க ஆளில்லாம இருக்கோம், இவரு நாய்க்கு வேண்டிக்கறாரு” என்று என் மனைவி பாத்திரத்தை நங்கென்று வைப்பாள்.

ஒரு நாள் காலையில் நான் கேரட் அரிந்துகொண்டிருந்தபோது ஏகாம்பரம் ஓடி வந்தான்.

“அண்ணாத்த, உங்க ஊருப் பக்கம்தான். குப்பத்து அம்மன் கோயில்ல பூட்ட ஒடச்சு உண்டிய தூக்கினு பூட்டானுங்களாம். அம்மனோட வெள்ளிக் கண்மலரையும் பேத்துகினு பூட்டானுங்க.”

கத்தி கையிலிருந்து நழுவியது. “நானும் வரேன்டா.”

“நீ இன்னாத்துக்கு?”

“ரூபிக்கு தண்ணி வெக்க வாளி தூக்க ஆள் வேணாமா?”

அவன் என் முகத்தைப் பார்த்தான். இன்றைக்குத் தவறினால் ரூபி கதை முடிந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். “சரி, ஏறு” என்றான்.

கோயில் வாசலில் குப்பமே கூடியிருந்தது. பெண்கள், கண்ணில்லாத அம்மனைப் பார்க்கமுடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்கள். உடைந்த பூட்டு படியில் கிடந்தது. உள்ளூர் இன்ஸ்பெக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தார். ஓரமாக ஒரு நாற்காலியில் டி.எஸ்.பி. அம்மா உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டில். ஏதாவது கேட்பதற்கு முன் மூடியைத் திருகித் திறந்து, ஒரே ஒரு வாய் குடித்து, மறுபடி நிதானமாக மூடுவார். மூடி இறுகுகிற வரைக்கும் எதிரில் நிற்கிறவன் செய்யாத குற்றமெல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்துவிடும். பெரியவன் சின்னவன் பார்க்காமல் எல்லோரையும் ‘நீங்க’ என்றுதான் சொல்வார். அதுதான் இன்னும் பயம்.

வேலை தொடங்கியது. அப்போது புதுமுறை ஒன்று வந்திருந்தது. முன்பெல்லாம் திருடன் தொட்ட பொருளை நாயே நேராக முகரும். அதனால் கைரேகை கெடுகிறது என்று, பொருளின் மேல் சுத்தமான துணித்துண்டு ஒன்றைக் கொஞ்ச நேரம் போட்டுவைத்து, வாசனை ஏறிய பிறகு அந்தத் துணியை நாய்க்குக் காட்டுவது என்று மாற்றியிருந்தார்கள். ஏகாம்பரம் துணி டப்பாவைத் திறந்து, இடுக்கியால் ஒன்றை எடுத்துப் பூட்டின் மேல் போட்டான். பிறகு ரூபிக்குக் காட்டினான்.

ரூபி முகர்ந்தாள். காது நிமிர்ந்தது. மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு கிளம்பினாள். கூட்டம் பிளந்து வழிவிட்டது. வலைக்காரர்களைத் தாண்டினாள், சங்கு விற்கிற கடையைத் தாண்டினாள், நேராக எங்கள் வேனுக்கு வந்தாள். அங்கே தண்ணீர் வாளியோடு நின்ற என் எதிரில் உட்கார்ந்து, ஒரு தடவை குரைத்தாள். ஆளைப் பிடித்துவிட்டேன் என்பதற்கு அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அடையாளம் அது.

“ஏய், இன்னாடா இது! போலீசே திருடி, போலீசே கண்டுபுடிக்குது!” என்று ஒருவன் கத்த, அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் டி.எஸ்.பி.யிடம் திரும்பினார். “சமையக்காரன் வாசனைக்கு ஓடுது மேடம். பசி. இது மூணாவது தடவை. கழிச்சு விட்டுடலாம்.”

ஏகாம்பரத்தின் முகம் செத்துவிட்டது. அதைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “இல்லம்மா! ரூபி சரியாத்தான் சொல்லுது!” என்று கத்திவிட்டேன்.

கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. டி.எஸ்.பி. அம்மா பாட்டிலைத் திறந்தார். குடித்தார். மூடினார்.

“அப்ப நீங்கதான் திருடினீங்களா?”

ரூபி சொன்னது சரியென்றால் நான் திருடன். நான் திருடன் இல்லையென்றால் ரூபி தண்டம். இரண்டுக்கும் நடுவில் வாளியோடு நின்றேன்.

பூட்டைக் கும்பிடுகிற கதையைத் திக்கித் திக்கிச் சொன்னேன். பூசாரி முன்னால் வந்தார். “அட, நீதானா நைனா அது? பூட்டு தெனம் பிசுக்கா கீதே, எவன்டா எண்ணெ பூசறான்னு நானும் பாத்துகினுதான் இருந்தேன்.”

மறுபடியும் சிரிப்பு. எனக்கு உயிர் வந்தது. டி.எஸ்.பி. அம்மா, “நீங்க தொடாத பொருள், ஆனா திருடன் தொட்டது, எது?” என்று கேட்டார்.

கோயிலுக்குள்ளே திருடன் விட்டுப்போன கடப்பாரை ஒன்று கிடந்தது. ரேகை எடுப்பவர்கள் அப்போதுதான் அதைப் பார்த்து முடித்திருந்தார்கள். நான் கோயிலுக்குள் கால் வைத்து வருஷக்கணக்காகிறது என்று பூசாரியே சொன்னார். ஏகாம்பரம் டப்பாவிலிருந்து இன்னொரு துணியை எடுத்துக் கடப்பாரை மேல் போட்டான். என்னைத் தூரத்தில் டீக்கடையில் போய் நிற்கச் சொன்னார்கள். நான் ஒரு பருத்த ஆளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, இரண்டு கையையும் கூப்பி, ‘தாயே, இந்தத் தடவை சரியா மோந்துடணும்’ என்று வேண்டிக்கொண்டேன்.

ரூபி வந்தாள். அந்தப் பருத்த ஆளைச் சுற்றிக்கொண்டு வந்தாள். என் எதிரில் உட்கார்ந்து குரைத்தாள்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டரின் கை என் தோளில் விழுந்தது. “உள்ள போனதே இல்லன்ன? கடப்பாரை யாருது?”

“சார், எங்க வூட்ல தேங்கா உரிக்கவே பக்கத்து வூட்ல போய்தான் சார் இரவல் கேப்போம்.”

“நக்கலா?”

நக்கல் இல்லை. பயத்தில் உண்மை எல்லாம் இப்படித்தான் வரும்.

ஏகாம்பரம் என் காதருகே வந்தான். “அண்ணாத்த, நாய்க்கு பசி, தப்பா வந்துடுச்சுன்னு சொல்லிடு. பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு கீற. உம் பேரு கெட்டா அவ வாழ்க்க இன்னா ஆவறது? ரூபி போனா போவட்டும்.”

தன் உயிரையே கழற்றிக் கொடுப்பதுபோல அதைச் சொன்னான். நான் ரூபியைப் பார்த்தேன். அவள் வேலையை நன்றாகச் செய்துவிட்ட பெருமையோடு என்னை அண்ணாந்து பார்த்தாள். தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இதை வீரம் என்று எண்ணிவிடாதீர்கள். நாக்கு உலர்ந்து மேலே ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

டி.எஸ்.பி. அம்மா எழுந்து வந்தார். இன்ஸ்பெக்டரின் கை என் தோளை விட்டது. மூடி திறந்தது, ஒரு வாய், மூடி மூடியது. கேள்வி எனக்கில்லை, ஏகாம்பரத்துக்கு.

“முன்னாடி தப்புப் பண்ணின ரெண்டு தடவையும் எங்க போய் உட்கார்ந்துச்சு?”

“ஒரு தடவ வேனாண்ட வந்துடுச்சும்மா. அன்னிக்கு அண்ணாத்த கூட வந்திருந்தாரு. இன்னொரு தடவ அவரு வரல. ரூபி சுத்தி சுத்தி பாத்துட்டு, செங்கல்பட்டு ரோட்ட பாத்து உக்காந்துகினு அழுதுச்சும்மா.”

“அதுக்கு முன்னாடி?”

“கரீட்டா புடிக்கும். சாமி சத்தியமா.”

“நடுவுல என்ன மாறிச்சு?”

ஏகாம்பரம் யோசித்தான். கையிலிருந்த இடுக்கியைப் பார்த்தான். “துணி... துணி வந்துச்சும்மா.”

“துணியை யார் துவைக்கிறது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரூபியும் பார்த்தாள்.

“நான்தாம்மா” என்றேன். “நானாக் கேட்டு வாங்கிக்கினேன்.”

“எப்படித் துவைப்பீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சோப்புப் போடாமல் வெந்நீரில் கொதிக்கவைப்பேன், நிழலில் உலர்த்துவேன், ஓரம் பிசகாமல் மடிப்பேன் என்று விவரமாகச் சொன்னேன்.

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்லம்மா. டப்பால போடுவேன்.”

அந்த அம்மா பாட்டில் மூடியைத் தொட்டார். திறக்கவில்லை, தொட்டார்.

“சமையல்கட்டுல முருகன் படம் இருக்கும்மா. அதுக்கு முன்னால, ஒவ்வொரு துணியா ரெண்டு கையாலயும் ஏந்தி... கண்ணுல நல்லா ஒத்தி... இப்பிடி உள்ளங்கைல வெச்சுத் தடவிக் குடுத்து, விபூதி வெச்சு, ‘முருகா, ரூபி மூக்கு நல்லா வேலை செய்யணும்’னு வேண்டிக்கினு...”

பாதியில் எனக்கே விளங்கிவிட்டது. வாசனையே படக்கூடாத துணியில், அவளுக்குத் தெரிந்த வாசனைகளிலேயே பெரிய வாசனையை, நான் தினமும் பக்தியோடு பூசிக் கொடுத்திருக்கிறேன். அவள் தவறத் தவற, நான் இன்னும் அழுத்தி வேண்டினேன். அழுத்தி வேண்ட வேண்ட, அவள் இன்னும் நன்றாகத் தவறினாள்.

டி.எஸ்.பி. அம்மா கடல் பக்கம் திரும்பி நின்றார். முதுகு குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எங்கள் பக்கம் திரும்பினார். முகம் பழையபடி இருந்தது. கண் மட்டும் ஈரமாக இருந்தது.

“நாய் ஒரு தடவைகூடத் தப்புப் பண்ணல இன்ஸ்பெக்டர். ஒவ்வொரு தடவையும் இவரைச் சரியாத்தான் பிடிச்சுக் குடுத்திருக்கு. நாமதான் புரிஞ்சுக்கல.” பிறகு ஏகாம்பரத்திடம், “துணி வேண்டாம். ரேகைதான் எடுத்தாச்சே. கடப்பாரையில துணி படாத பக்கத்தை நேரா முகரட்டும்” என்றார். என்னைப் பார்த்தார். “இவரை வேன்ல ஏத்திக் கதவைச் சாத்துங்க.”

வேனில் உட்கார இடம் எங்கே இருக்கிறது? பின்னால் இருந்த ரூபியின் கூண்டுக்குள்தான் உட்கார்ந்தேன். குப்பத்துப் பிள்ளைகள் கம்பி வழியாக எட்டிப் பார்த்து, “மாமா, கடிப்பியா?” என்று கேட்டார்கள். ரூபி கடப்பாரையை முகர்வதும், மூக்கைத் தரையில் வைப்பதும் ஒரு கீற்றாகத் தெரிந்தது. என் கைகள் தாமாகக் கூம்பப் போயின. பதறிப்போய் இரண்டையும் தொடைக்குக் கீழே போட்டு அமுக்கி உட்கார்ந்துகொண்டேன். பக்தன் ஒருவனுக்கு அதைவிடக் கஷ்டம் வேறில்லை. வேண்டாமல் இருப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

ரூபி வேன் பக்கம் திரும்பவில்லை. கோயிலுக்குப் பின்புறமாக இறங்கி, சவுக்குத் தோப்புக்குள் மறைந்தாள். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு தோப்புக்குள்ளிருந்து ஒரே கூச்சல். பெண்கள் குலவை போட்டார்கள். மணலுக்குள் புதைத்திருந்த உண்டியலை ரூபி பிறாண்டி எடுத்திருந்தாள். பக்கத்திலேயே ஒரு கந்தலில் சுற்றி, அம்மனின் கண்மலர் இரண்டும். திருட்டுச் சொத்தைத் தோண்டி எடுத்துப்போக அன்று இருட்டியதும் வந்தவனைப் பிடித்தது இன்ஸ்பெக்டரின் கெட்டிக்காரத்தனம். அது அவர் எழுத வேண்டிய கதை.

ஏகாம்பரம் வேன் கதவைத் திறந்தான். முகமெல்லாம் மணலும் கண்ணீரும். “அண்ணாத்த, பொழச்சிட்டாய்யா!” அவனைத் தள்ளிக்கொண்டு ரூபி ஏறினாள். தன் கூண்டில் நான் இருப்பதைப் பார்த்தாள். கடமை தவறாதவள், உட்கார்ந்து ஒரு தடவை குரைத்தாள்.

ரூபி மேல் இருந்த பேச்சு அன்றோடு போயிற்று. துணி உறையிட்டு ஒட்டின பொட்டலமாக வெளியிலிருந்து வர ஆரம்பித்தது. சமையல்காரன் கேஸ் நடந்த இடத்துக்கு வரக்கூடாது என்று டி.எஸ்.பி. அம்மா வாய்ச்சொல்லாகவே உத்தரவு போட்டார். புறப்படும்போது என்னைக் கூப்பிட்டு, “சாமி கும்பிடறதை நான் நிறுத்தச் சொல்லல. ரூபிக்காக மட்டும் வேண்டாதீங்க. அதுக்கு நல்லது” என்றார். வீட்டில் சொன்னேன். “இதத்தான நான் அன்னிக்கே சொன்னேன்” என்றாள் என் மனைவி.

முருகனிடம் நான் நெல்லிலிருந்து உப்பு வரை எல்லாவற்றுக்கும் முறையிட்டவன். மகளுக்கு மாப்பிள்ளை கேட்டேன், கொடுத்தான். ஆனால் அதற்குப் பிறகு ரூபிக்காக ஒரு வார்த்தை கேட்டதில்லை. வேலையிலிருந்து அவள் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்த விரதத்தை நான் முறிக்கவில்லை. வேறு எந்த விரதத்தையும் அவ்வளவு சுத்தமாக நான் இருந்ததும் இல்லை.

கேஸ் என்று அழைப்பு வந்து வேன் கிளம்பும்போதெல்லாம் சமையல்கட்டில் முருகன் படத்துக்கு எதிரே, வாத்தியார் நிற்கவைத்த பிள்ளையைப்போல் நிற்பேன். ஏகாம்பரம் வேனிலிருந்து தலையை நீட்டிக் கத்துவான்.

“அண்ணாத்த, கைய பின்னால கட்டிக்கினியா?”

“கட்டிக்கினேன்டா, நீ போ!”